மண்ணுக்கு வில்லங்கம் பார்த்தல்

நிலம் வாங்கப் போகிற எவரும் முதலில் கேட்பது வில்லங்கச் சான்று. பதிவு அலுவலகத்தில் சர்வே எண்ணை எழுதிக்கொடுத்துப் பணம் கட்டினால், முப்பது வருஷக் கதையை எடுத்துக் கொடுப்பார்கள். யார் யாருக்கு விற்றார், எந்த வங்கியில் அடமானம் இருந்தது, எந்தக் கோர்ட்டு ஜப்தி செய்தது எல்லாம் அதில் இருக்கும். அந்த மண்ணில் என்ன கொட்டினார்கள் என்பது இருக்காது. எத்தனை பீப்பாய் கழிவு எந்த மரத்தடியில் புதைந்தது, டீசல் தொட்டி எத்தனை வருஷம் ஓட்டையாக இருந்தது, ஆசிட் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக ஆற்றுக்குப் போனது என்பதற்கெல்லாம் பத்திரம் கிடையாது, முத்திரைத்தாள் கிடையாது.

எங்கப்பாவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் இருந்ததில்லை. ஆனால் கடலூர் – சிதம்பரம் சாலையில் ஒரு நிலத்தின் முழு வில்லங்கமும் அவருக்கு மனப்பாடம். அதை யாரும் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. ஒரு தொழிற்சாலை மண்ணின் கடந்த காலத்தை மதிப்பிடும்போது யாருடைய ஞாபகம் சாட்சியாகிறது, யாருடைய ஞாபகம் உளறலாகிறது என்பதைப் பற்றியது.

1

கடலூர் நிலத்தின் எழுதப்பட்ட வரலாறே ஒரு பீரங்கிக் குண்டில் தொடங்குகிறது. 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊரெல்லாம் கம்பெனிக்கு என்று பேச்சு. சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. விற்றவன் பெயர் ஏட்டில் இருக்கிறது, வாங்கியவன் பெயர் இருக்கிறது. அந்த வயலில் உழுதுகொண்டு நின்ற பண்ணையாள் தலைக்கு மேலே குண்டு போனதைப் பார்த்து என்ன நினைத்தான் என்பது எந்த ஏட்டிலும் இல்லை.

இருநூறு வருஷம் கழித்து, 1892இல், ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கென்று நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். அது எப்படிப் போனது, யார் கையில் இருக்கிறது என்பதை இந்தப் பக்கங்களின் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1994இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் அந்த நிலத்தைக் கேட்கப் போய் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

நம் நிலப் போராட்டம் முழுவதும் 'யார் பெயரில்' என்ற கேள்வியைச் சுற்றியே நடந்தது. அது நியாயமான கேள்வி, இன்னும் தீராத கேள்வி. ஆனால் அதன் பக்கத்திலேயே வேறொரு கேள்வி காத்துக்கொண்டிருக்கிறது: 'எந்த நிலையில்?' ஆலைச் சுவரை ஒட்டி, குப்பைமேட்டை ஒட்டி, கழிவு வாய்க்காலை ஒட்டி நமக்கு மனைப்பட்டா வரும்போது, பட்டா கிடைத்த சந்தோஷத்தில் மண்ணை முகர்ந்து பார்க்கத் தோன்றுவதில்லை.

2

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்திலேயே ஜன்னலை மூடச் சொல்லிக் குரல் வரும். 1980களின் தொடக்கத்தில் அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் இங்கே வளாகம் அமைத்தது. மேற்கே நெடுஞ்சாலை, கிழக்கே உப்பனாறு, அதற்கப்பால் கடல். நடுவில் பூச்சிமருந்து, மருந்து, சாயம், அமிலம், பிளாஸ்டிக் மூலப்பொருள் செய்கிற ஆலைகள். பச்சையாங்குப்பம், குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் என்று இடையிலும் ஓரத்திலும் ஊர்கள்.

ரசாயன ஆலைக்கு இதைவிட வசதியான இடம் இல்லை என்று திட்டம் போட்டவர்கள் நினைத்திருக்கலாம். தண்ணீர் கிடைக்கும், சாலை இருக்கிறது, கழிவை வாங்கிக்கொள்ள ஆறு இருக்கிறது. ஆனால் மண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதைவிட மோசமான இடமும் இல்லை. கடலோர மணல். மேலே ஊற்றியது தங்காமல் கீழே இறங்கும். நிலத்தடி நீரும் அதிக ஆழத்தில் இல்லை. களிமண் பிடித்து வைக்கிற நஞ்சை மணல் பிடித்து வைக்காது. உப்பனாற்றில் கடல் ஏற்றம் உள்ளே வந்து வந்து போவதால், ஆற்றில் விட்டதும் ஒரே மூச்சில் கடலுக்குப் போய்விடாது.

இங்கே நச்சுக் கசிவு என்பது என்றைக்கோ ஒருநாள் நடக்கும் விபத்து இல்லை. 2011 மார்ச்சில் ஒரு மருந்து ஆலை விபத்துக்குப் பின் நூற்றுக்கும் மேற்பட்டோர் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 2021 மே மாதம் இன்னொரு ஆலையில் நடந்த விபத்தில் நான்கு பேர் செத்தார்கள். 2025 மே மாதம் குடிகாட்டில் ஒரு சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. இவையெல்லாம் பத்திரிகையில் வந்தவை. சத்தம் போட்டு வெடித்ததால் வந்தவை. சத்தமில்லாமல் சொட்டுச் சொட்டாக இறங்கியதற்குச் செய்தியாளர் வருவதில்லை. ஆனால் மண்ணைக் கெடுப்பதில் பெரும்பங்கு இந்தச் சொட்டுக்குத்தான்.

3

எங்கப்பா வேலை செய்த ஆலையின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் ஒரு ஆலையின் கதையாகச் சுருங்கிவிடும். அவர் அங்கே காண்ட்ராக்ட் கூலி. வேலை, பீப்பாய் கழுவுவது, தொட்டிக்குள் இறங்கி அடியில் உறைந்த கசண்டைச் சுரண்டி எடுப்பது, அதை வண்டியில் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்ன இடத்தில் கொட்டுவது. மேஸ்திரி ஊர்த்தெருவுக்கும் வருவான், சேரிக்கும் வருவான். மூட்டை தூக்க, பேக்கிங் போட ஊரில் ஆள் எடுப்பான். தொட்டியில் இறங்க மட்டும் சேரிக்குத்தான் வருவான்.

"தொட்டில எறங்க ஊர்க்காரன் எவனயாச்சும் கூப்புட்டுப் பாக்கச் சொல்லு. கூப்புட மாட்டான். அது நம்ம வேலைன்னு அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்" என்பார் அப்பா.

மலம் அள்ளியவன் பிள்ளையை ரசாயனக் கசண்டு அள்ள வைத்ததுதான் தொழில்மயம் எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்த முன்னேற்றம். வீட்டுக்கு வந்ததும் அவர் கையை மோர் ஊற்றிக் கழுவுவாள் அம்மா. தோல் வெள்ளையாக உரிந்து வரும். எந்தப் பீப்பாயில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. மஞ்சப் பீப்பா, நீலப் பீப்பா, 'பூண்டு நாத்தம் அடிக்கிறது', 'தித்திப்பு வாசன, தல சுத்தும்' என்று அவர் வைத்த பெயர்கள்தான். இரண்டாயிரமாவது வருஷத்துக்கு முன்பே ஆலை மூடிவிட்டது. பாக்கிக் கூலி வரவில்லை.

2007 கோடையில் அந்த இடத்தை வாங்க ஒரு பார்ட்டி வந்தது. வாங்குகிறவருக்குக் கடன் கொடுக்கிற வங்கி, மண்ணைப் பரிசோதித்து அறிக்கை கொடு என்று கேட்டதாம். சென்னையிலிருந்து மூன்று பேர் ஜீப்பில் வந்தார்கள். குழி தோண்ட ஆள் தேவைப்பட்டது. எங்கப்பாவும் இன்னும் இரண்டு பேரும் போனார்கள். வீட்டில் சும்மா இருந்த நானும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய் அங்கேயே நின்றேன்.

பழைய மேனேஜர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் தாளை வைத்துக்கொண்டு கேட்டார்கள். தரைக்கடியில் தொட்டி இருந்ததா? இல்லை. கழிவு புதைக்கப்பட்டதா? இல்லை. சிந்தியது, கொட்டியது உண்டா? ஒரு சொட்டுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு வரைபடத்தைப் பார்த்து, சமமான தூரம் அளந்து, சுண்ணாம்பால் புள்ளி வைத்தார்கள்.

அப்பா கடப்பாரையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "சார், இங்க ஒண்ணும் வராது சார். அந்த வேப்பமரத்துக்கு அந்தாண்ட தோண்டணும். எம்பத்தொம்போதுல நாங்கதான் அங்க பீப்பா பொதச்சோம். நாப்பதுக்குக் கொறயாது."

சின்ன வயது எஞ்சினியர் ஒருவர் நிமிர்ந்து மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சிரித்தார். "அவன் காலையிலேயே போட்டுட்டு வந்திருப்பான் சார். பாயிண்ட் எங்க இருக்கோ அங்க தோண்டச் சொல்லுங்க."

எங்கப்பா குடிக்க மாட்டார். சொன்ன இடத்தில் தோண்டினார். சாயங்காலம் கூலியை வாங்கிக்கொண்டு நடந்து வரும்போது ஒரே ஒரு தடவை பேசினார். "பொதச்சவன் காட்டுனா அது சாட்சி இல்ல. பொதைக்கச் சொன்னவன் இல்லன்னு சொன்னா அது சாட்சி."

4

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். மண்ணின் கடந்த காலத்தை மதிப்பிடுவதற்கு உலகம் முழுக்க ஒரு முறை இருக்கிறது. முதல் கட்டத்தில் கடப்பாரையே கிடையாது. பழைய வரைபடம், உரிமங்கள், கொள்முதல் கணக்கு, விமானப் படம் எல்லாவற்றையும் புரட்ட வேண்டும். நிலத்தை நடந்து பார்க்க வேண்டும். கறைபட்ட மண், பட்டுப்போன செடி, தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக்குழாய், குழி விழுந்து அமுங்கிய தரை, இவற்றைக் குறிக்க வேண்டும். பிறகு மனிதர்களைக் கேட்க வேண்டும். முதலாளியை மட்டுமல்ல, பழைய தொழிலாளரை, அக்கம்பக்கத்தாரை. இவ்வளவுக்கும் அப்புறம்தான் இரண்டாம் கட்டம். சந்தேகம் உள்ள இடத்தில் துளையிட்டு மண்ணும் நீரும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது.

எங்கே துளையிடுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பெட்ரோல், டீசல், பென்சீன் தண்ணீரைவிட லேசானவை. கீழே இறங்கி நிலத்தடி நீரின் மேல் படலமாக மிதக்கும், நீரோட்டம் போகிற பக்கம் நகரும். குளோரின் கலந்த கரைப்பான்கள் தண்ணீரைவிடக் கனமானவை. நீரையும் துளைத்துக்கொண்டு அடியில் களிமண் தட்டும்வரை போய்க் குட்டையாகத் தேங்கும். மேலாக நாலடி தோண்டிப் பார்த்துவிட்டுச் சுத்தம் என்று எழுதினால் அது அங்கேயே கிடக்கும். பல வருஷம் கிணறுகளுக்குள் கரைந்து வந்துகொண்டிருக்கும். பத்தடி தள்ளித் துளையிட்டால் புதைத்த பீப்பாயைத் தவறவிட்டுவிடலாம். ஆகவே தோண்டியவனின் ஞாபகம் இந்த விஞ்ஞானத்துக்கு அலங்காரம் அல்ல, அடிப்படை.

சேரிக்கு இந்தப் பட்டியல் முன்பே தெரியும். மழை பேய்ந்த பிறகும் புல் முளைக்காத வட்டம் எது, ஆடு வாய் வைக்காத குட்டை எது, முதல் மழைக்கு நாத்தம் கிளம்புகிற மூலை எது, தண்ணீர் மேல் மயில்கழுத்து நிறத்தில் மினுக்கு ஓடுகிற கிணறு எது என்று எங்கள் தெரு ஆயாக்கள் சொல்வார்கள். நிபுணர் எழுதினால் அது கள ஆய்வு, ஆயா சொன்னால் அது புலம்பல்.

5

அமெரிக்காவிலும் இப்படித்தான் தொடங்கியது. நயாகரா அருவிக்குப் பக்கத்தில் லவ் கெனால் என்று ஒரு பாதி வெட்டிய கால்வாய். 1942 முதல் 1953 வரை ஹூக்கர் கெமிக்கல் என்ற கம்பெனி அதில் ஏறத்தாழ 21,000 டன் ரசாயனக் கழிவைக் கொட்டி மூடியது. 1953இல் அந்த நிலத்தைப் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றது. உள்ளே கழிவு இருக்கிறது, இனி எங்களுக்குப் பொறுப்பில்லை என்று பத்திரத்திலேயே எழுதி வைத்து விற்றது. அதாவது வில்லங்கம் எழுத்திலேயே இருந்தது. ஆனாலும் அதன்மேல் பள்ளிக்கூடம் கட்டினார்கள், சுற்றி வீடு கட்டினார்கள். 1970களின் கடைசியில் பிள்ளைகளுக்கு நோய் வந்தபோது லோயிஸ் கிப்ஸ் என்ற இல்லத்தரசி வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார். வீட்டுப் பெண்கள் எடுத்த கணக்கு என்று அதிகாரிகள் ஒதுக்கினார்கள். 1978இல் நெருக்கடி நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. 1980இல், கெடுத்தவனிடமே சுத்தம் செய்யும் செலவை வசூலிக்கும் சட்டம் வந்தது. நிலத்தை வாங்கியவன் தலையிலும் அந்தப் பொறுப்பு விழும் என்றான பிறகுதான், வாங்குமுன் மண்ணின் வரலாற்றைப் பார்ப்பது அங்கே தொழிலாகவே வளர்ந்தது. மண்மேல் உள்ள அன்பால் அல்ல, பணப் பயத்தால்.

அந்த நாட்டிலும் நஞ்சு எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பர்கள் அதிகம் வாழும் இடத்தில் நச்சு மண்ணைக் கொண்டுவந்து புதைத்ததை எதிர்த்து மக்கள் ரோட்டில் படுத்தார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் கைதானார்கள். 1987இல் ஒரு கிறிஸ்தவ சபையின் இன நீதி ஆணையம் நாடு முழுக்கக் கணக்கெடுத்து, கழிவுக்கிடங்கு எங்கே வரும் என்பதைத் தீர்மானிப்பதில் முதல் காரணி இனம்தான் என்று காட்டியது. நம் நாட்டில் கழிவுக்கிடங்கையும் சாதியையும் பக்கத்தில் வைத்து அப்படி ஒரு கணக்கெடுக்கும் வேலை நம்முடையது.

ஆங்கிலத்தில் 'பொல்யூஷன்' என்ற ஒரே சொல்லை ஆற்றில் கலக்கும் ரசாயனத்துக்கும் சொல்கிறார்கள், சாதித் தீட்டுக்கும் சொல்கிறார்கள். தமிழில் மாசு வேறு, தீட்டு வேறு. ஆனால் சிதம்பரத்தின் கதை நமக்குத் தெரியும். கோயிலுக்குள் போக நந்தன் தீயில் இறங்கிச் சுத்தமாக வேண்டியிருந்தது. ஆறு தலைமுறைக்குத் தீராத நஞ்சைக் கொட்டுகிறவனை எந்தத் தீயிலும் இறங்கச் சொல்வதில்லை. அதைத் தொட்டு அள்ளுகிறவன்தான் தீட்டு. இங்கே மாசும் தீட்டும் சந்திக்கிற இடம் எங்கப்பாவின் கை.

6

கடலூரில் மக்கள் தாங்களே சாட்சியாக மாறிய வரலாறும் இருக்கிறது. 2003இல் ஓய்வுபெற்ற நீதிபதி கனகராஜ் தலைமையில் மக்கள் தீர்ப்பாயம் சிப்காட் ஊர்களின் வாக்குமூலத்தைப் பதிவு செய்தது. 2004இல் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து சிப்காட் வட்டாரச் சமூகச் சூழல் கண்காணிப்பாளர்கள் என்று அமைப்பு தொடங்கினார்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பக்கத்துக் காற்று, என்ன நாற்றம் என்று நோட்டில் எழுதினார்கள். அழுகின முட்டை, வெட்டின வெள்ளரி, நெயில் பாலிஷ் என்று தெரிந்த வாசனையை வைத்துத்தான் எழுத முடியும். எங்கப்பா பீப்பாய்க்குப் பெயர் வைத்த அதே முறை.

அதோடு நிற்கவில்லை. கலிஃபோர்னியாவில் 1990களில் எண்ணெய் ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் பயன்படுத்தத் தொடங்கிய பிளாஸ்டிக் வாளி முறையைக் கற்றுக்கொண்டார்கள். வாளிக்குள் ஒரு பை, நாற்றம் வரும் நேரத்தில் காற்றை உறிஞ்சிப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. அப்படிப் பிடித்த காற்றில் 22 நச்சு ரசாயனங்கள் இருந்தன, அவற்றில் 8 புற்றுநோய் தரக்கூடியவை என்று 2004 அறிக்கை சொன்னது. அதற்குப் பிறகுதான் அரசுப் பக்கம் அசைவு வந்தது. நாக்பூரின் நீரி நிறுவனம் ஆய்வு செய்தது. அந்த ஆய்வை வைத்து, இங்கே புற்றுநோய் அபாயம் ஏற்கத்தக்க அளவைவிட ஏறத்தாழ 2000 மடங்கு என்று 2008இல் பேச்சு எழுந்தது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழில் பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. 70க்கு மேல் போனால் மிக மோசம். கடலூருக்கு 77.45.

மக்கள் மூக்கு சொன்னதை மெஷின் பிறகு வந்து உறுதி செய்தது. இந்த வரிசையை மறக்கக் கூடாது. ஆனால் காற்று அன்றாடம் முகத்தில் அடிக்கிறது, வாளியில் பிடிக்கலாம். மண் அப்படியல்ல. மண் மறைத்து வைத்துக்கொள்ளும். மண்ணின் கணக்குக்கு முகர்ந்தவன் போதாது, புதைத்தவன் வேண்டும்.

7

வெளிநாட்டிலிருந்து பெயர்த்து வந்த இரண்டு ஆலைகளை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் மூடிய தெர்மாமீட்டர் ஆலை 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு வந்தது. பின்னால் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடந்ததை மக்கள்தான் வெளிப்படுத்தினார்கள். அதன் பிறகே ஆலை மூடியது, அதன் பிறகே மண் பரிசோதனை வந்தது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம் என்று வந்த அளவு, இங்கிலாந்தில் உங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு ஒத்துக்கொள்வீர்களா என்று கேள்வி கேட்கவைத்தது. எவ்வளவு சுத்தம் போதும் என்பதிலும் எந்த மனிதனுக்கு என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. 591 முன்னாள் தொழிலாளருக்கு இழப்பீட்டு ஒப்பந்தம் 2016இல்தான் வந்தது.

இரண்டாவது நம் சாலையிலேயே இருக்கிறது. ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் நகரில் 2008இல் மூடிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைக் கழற்றி, கடலூர் – பரங்கிப்பேட்டை கடற்கரையில் பெரியகுப்பம் பக்கம் நிறுத்த நாகார்ஜுனா எண்ணெய் நிறுவனம் கொண்டுவந்தது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தது. வேலை நின்றது, கம்பெனி திவாலானது, துருப்பிடித்த இரும்பைத் திருட இரவில் கூட்டம் வந்தது. 2022இல் ஹால்டியா பெட்ரோகெமிக்கல்ஸ் வாங்கியது. அங்கே ஆலை ஓடவே இல்லை, அதனால் எண்ணெய் கொட்டியதாக நான் சொல்லவில்லை. நான் பார்க்கச் சொல்வது இங்கோல்ஸ்டாட்டை. ஆலை போன பிறகு அங்கே எஞ்சிய 75 ஹெக்டேர் மண்ணை அப்படியே விட்டுவிடவில்லை. நகராட்சியும் ஆடி கார் கம்பெனியும் சேர்ந்து, எங்கெங்கே எண்ணெய், எங்கெங்கே கன உலோகம், தீயணைப்பு நுரையின் நஞ்சு என்று அளந்து, 2016 முதல் பல வருஷம் மண்ணையும் நிலத்தடி நீரையும் கழுவினார்கள். ஆலையின் இரும்பு கப்பலேறி நம் ஊருக்கு வந்தது. அந்த மண்ணுக்குக் கிடைத்த கவனம் கப்பலேறவில்லை. போகிற அன்றைக்கு மண்ணை எப்படித் திருப்பித் தருவாய் என்று வருகிறபோதே கேட்கும் வழக்கம் இங்கே இல்லை.

போபாலில் 1984இல் நடந்ததற்குப் பிறகு ஆலைக்குள் கிடந்த 337 டன் கழிவை வெளியே எடுக்க 2025 ஜனவரி ஆயிற்று. நாற்பது வருஷம். அதுவும் கண்ணுக்குத் தெரிந்து குவிந்து கிடந்தது மட்டும்தான்.

8

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கான விதிகளை அறிவித்தது. நாடு முழுக்க 103 இடங்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள், ஏழில்தான் சீரமைப்பு தொடங்கியிருந்தது என்று அப்போது செய்தி வந்தது. உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ, தாமாகவோ பொதுமக்கள் புகாரின் பேரிலோ, சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். பிறகு விரிவான ஆய்வு. கெடுத்தவன் யார் என்று தெரிந்தால் செலவு அவனுடையது.

விதியை நம்பி நாம் பிழைத்ததில்லை. ஆனாலும் 'பொதுமக்கள் புகாரின் பேரில்' என்ற வரியில் ஒரு சந்து திறந்திருக்கிறது. அந்தச் சந்தில் எங்கப்பா நுழைந்திருக்கலாம். அவர் 2016இல் போய்விட்டார். கடைசி வருஷம் தரையில் குச்சியால் கோடு போட்டு எனக்குக் காட்டினார்: கேட், பாய்லர், எடைமேடை, வேப்பமரம். மரத்திலிருந்து கிழக்கே பதினெட்டு அடி. பாய்லருக்குப் பின்னால் டீசல் தொட்டி, ரெண்டு வருஷம் ஒழுகியது. ஆற்றுப் பக்கச் சுவரில் அடைத்த ஓட்டை. நான் அதை நோட்டில் வரைந்து வைத்தேன். வேப்பமரம் இப்போது இல்லை. எடைமேடையின் சிமெண்டு மிச்சம் இருக்கிறது. அதிலிருந்து அளக்கலாம்.

சிதம்பரத்தில் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். 1916இல் சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கிய ஊர் அது. நம் எழுத்து அங்கிருந்து வந்தது. அந்த எழுத்தை எடுத்துக்கொண்டு இந்தச் சாலையோரத் தெருக்களுக்கு வாருங்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு காண்ட்ராக்ட் கூலியையும் உட்கார வைத்துக் கேளுங்கள். எந்த ஆலை, எந்த வருஷம், என்ன நிறப் பீப்பாய், என்ன நாற்றம், யார் சொல்லிப் புதைத்தது, எந்த அடையாளத்திலிருந்து எத்தனை அடி. கதையாக வேண்டாம், அளவாக எழுதுங்கள். அவர்கள் கையெழுத்தையோ கைரேகையையோ வாங்குங்கள். நோயைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். இடத்தைப் பற்றிக் கேட்க யாரும் வருவதில்லை.

எங்கப்பாவோடு அந்தத் தொட்டியில் இறங்கியவர்கள் பதினோரு பேர். இன்றைக்கு மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கண் தெரியவில்லை, இடம் சரியாகச் சொல்கிறார். மூன்று பேரின் ரேகையும் சேர்த்து மனு எழுதி முடித்துவிட்டேன். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை கொடுக்கப் போகிறோம். வரைபடத்தில் வேப்பமரம் இருந்த இடத்தில் சிவப்பு மையால் புள்ளி வைத்திருக்கிறேன்.